பத்து வண்டிகளும் பன்னிரண்டு ஆரக்கால்களும்

சென்ற மாதம் ஒரு நாள் உத்திரமேரூருக்குப் போயிருந்தோம். போன காரியம் கல்வெட்டுப் பார்ப்பது. பார்த்துவிட்டு வந்ததோ ஒரு மோட்டார் வண்டி. அதுவும் நேரில் பார்த்ததல்ல, படத்தில் பார்த்ததுதான். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய எழுத்தைத் தேடிப் போன நாம், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் மின்சார வண்டியைப் பற்றிய யோசனையோடு எப்படித் திரும்பி வந்தோம் என்பதைத்தான் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல உத்தேசம்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தைப் பற்றி அறியாத பள்ளிக்கூடப் பிள்ளை தமிழ்நாட்டில் இருக்க முடியாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும், ஊர்ச் சபைத் தேர்தலுக்கான விதிகளை அங்கே கல்லில் வெட்டி வைத்தார்கள். முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சூதுவாதறியாத ஒரு சிறு பையனைக் கொண்டு எடுக்கச் செய்வார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று வாரியங்கள் பல. நிலமும் சொந்த மனையும் கல்வியும் உடையவர்களுக்குத்தான் அந்த ஓலையில் இடம். ஸ்திரீகளுக்கும் ஏழைகளுக்கும் இல்லை. இந்தக் குறையை மறைத்துவிட்டு, ஜனநாயகமே இங்கேதான் பிறந்தது என்று மார்தட்டிக் கொள்வது நமக்குச் சம்மதமில்லை. ஆனாலும் அவ்விதிகளில் ஒன்று இன்றைக்கும் நம்மைத் தூக்கிவாரிப் போடுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி அந்தக் குடத்தின் பக்கம் வரக்கூடாது என்பதே அவ்விதி. இதை நேயர்கள் மனத்தின் ஒரு மூலையில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பின்னால் தேவைப்படும்.

கோயிலை விட்டு வெளியே வந்தபோது நல்ல வெயில். காஞ்சிபுரம் பஸ் வருவதற்கு நேரமிருந்தது. ஒரு வேப்பமரத்தடி டீக்கடையில் ஒதுங்கினோம். அங்கே பெஞ்சியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பது பிராயம் இருக்கலாம். வண்டித் தச்சர். அவர் பக்கத்தில் அவருடைய பேரன். வாலிபன் கைபேசியை நீட்டி, "இதப் பாருங்க தாத்தா! நம்ம இந்தியாக் கம்பெனி வண்டி. உலகத்துலயே மொத்தம் பத்துதான். ஒண்ணு நாப்பது கோடி" என்றான்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, "இது பழைய வண்டியாச்சே!" என்றார்.

"இல்ல தாத்தா. புத்தம் புதுசு. பெட்ரோலே கிடையாது. கரண்ட்டு வண்டி."

"புதுசுக்கு எதுக்குடா பழைய உடம்பு?" என்று கேட்டார் பெரியவர்.

அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. எட்டிப் பார்த்தோம். 'இந்த ஐயாவையே கேளுங்க' என்று பேரன் நம்மை மாட்டிவிட்டான். நமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். அதையே இங்கும் சொல்லுகிறோம்.

* * *

வண்டியின் பெயர் 'பி95'. இத்தாலி தேசத்துப் பினின்ஃபரீனா என்ற பெயரைத் தாங்கியது. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மான்ட்டரேயில் நடக்கும் பழைய மோட்டார் உற்சவத்தில் முதன் முதலாகத் திரையை விலக்கிக் காட்டினார்கள். 'பி' என்பது 'பார்க்கெட்டா' என்ற இத்தாலியச் சொல்லின் முதலெழுத்து. சிறு படகு என்று பொருள். 95 என்பது வயது. 1930-இல் ஆரம்பித்த பட்டறைக்கு 2025-இல் 95 ஆண்டு நிறைவதைக் குறிக்கிறது. செய்வதாக அறிவித்தது பத்தே பத்து. விலை 44 லட்சம் யூரோ முதல். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்குச் சுமார் 40 கோடி ரூபாய். வரிகள் தனி. அந்தப் பத்துப் பேரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வண்டிக்குக் கூரை கிடையாது. முன் கண்ணாடியும் கிடையாது! ஓட்டுகிறவருக்கு ஒன்றும் கூட இருப்பவருக்கு ஒன்றுமாக, பழைய விமானத்தில் இருந்தாற்போல் இரண்டு சிறிய காற்றுத் தடுப்புகள் மட்டும் உண்டு. ஐப்பசி மாதத்து உத்திரமேரூர் மழையில் இதில் புறப்பட்டால் 'சிறு படகு' என்ற பெயர் சாலப் பொருந்தும். நீண்டு தாழ்ந்த மூக்கு, உருண்ட சக்கர மூடிகள், இருக்கைக்குப் பின்னால் எழும்பி வால்புறம் சரியும் இரண்டு திமில்கள். 1950-களில் ஐரோப்பாவில் ஓடிய பந்தய வண்டிகளின் சாயல் அது. உடம்பு அந்தக் காலம். உள்ளே இருக்கும் உயிரோ இந்தக் காலம். நாலு சக்கரத்துக்கும் நாலு மின்சார மோட்டார்கள். நாலும் சேர்ந்து ஏறக்குறைய 1,900 குதிரைச் சக்தி.

1,900 குதிரைகள்! அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினால் உத்திரமேரூர்க் கடைத்தெருவில் தலைக் குதிரை நிற்கும்போது வால் குதிரை எந்தக் கிராமத்து எல்லையில் நிற்குமோ, கணக்கு வாத்தியாரைத்தான் கேட்கவேண்டும்.

இதற்கு முன் பிறந்த அண்ணன் வண்டி ஒன்று உண்டு. அதன் பெயர் 'பாத்திஸ்தா'. 2019-இல் ஜெனீவா கண்காட்சியில் வெளிவந்தது. 150-க்கு மேல் செய்வதில்லை என்று அப்போது சொன்னார்கள். நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை அது இரண்டு விநாடிக்குள் எட்டிவிடும். மின்கலம் 120 யூனிட் கொள்ளும். ஒரு தடவை நிரப்பினால், ஐரோப்பிய அளவைப்படி 476 கிலோமீட்டர் போகும்.

இந்த 120 யூனிட் விஷயத்தைச் சொன்னதும் டீக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததற்குக் காரணமுண்டு. 2016 முதல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். ஒரு குடும்பம் இரண்டு மாதம் விளக்கெரித்து, விசிறி சுழற்றி, சட்னி அரைக்கும் அந்த மின்சாரம், இந்த வண்டியின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போதாது!

* * *

'நம்ம இந்தியாக் கம்பெனி வண்டி' என்று வாலிபன் சொன்னான் அல்லவா? அது பொய்யில்லை. முழு மெய்யும் இல்லை.

டூரின் நகரத்தில் பாத்திஸ்தா ஃபரீனா என்று ஒருவர் இருந்தார். பதினோரு பிள்ளைகளில் பத்தாவது பிள்ளை. சிறு உருவமானதால் வீட்டில் 'பினின்', அதாவது குட்டிப் பையன், என்று கூப்பிட்டார்கள். தமையனுடைய வண்டிக்கூடு கட்டும் பட்டறையில் பாலிய வயதிலேயே வேலைக்குச் சேர்ந்தார். 1930-இல் சொந்தப் பட்டறை வைத்தார். மரச் சட்டத்தின்மேல் தகட்டை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி உருவேற்றும் வேலை. யுத்தம் முடிந்த சமயம் அவர் உடம்பு கட்டிய 'சிசிதாலியா' என்ற சின்னஞ்சிறு வண்டியை 1951-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையில் சிற்பம் மாதிரி வைத்துக் காட்டினார்கள். 1961-இல் செல்லப் பெயரும் குடும்பப் பெயரும் சேர்ந்து 'பினின்ஃபரீனா' என்று அரசாங்க உத்தரவின் மூலம் ஒரே பெயராயின. 1966-இல் அவர் காலமானார்.

பிறகு காலம் மாறிற்று. பட்டறைக்குக் கஷ்டதசை வந்தது, கடன் ஏறிற்று. 2015 டிசம்பரில் நம் தேசத்து மஹீந்திரா குழுமம் அந்த ஸ்தாபனத்தின் பங்குகளில் சுமார் 76 விழுக்காட்டை வாங்குவதாக அறிவித்தது. 2018-இல் அந்தப் பெயரைத் தாங்கிய தனி மோட்டார்க் கம்பெனி ஒன்றையும் அதே குழுமம் நிறுவியது. அதிலிருந்து பிறந்தவைதாம் பாத்திஸ்தாவும் பி95-உம்.

செய்தியைப் படித்த அன்று நமக்கும் மார்பு கொஞ்சம் விரிந்தது என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். வெள்ளைக்காரக் கம்பெனிகள் நம் தேசத்தை வாங்கிய காலம் போய், நம் கம்பெனி வெள்ளைக்காரப் பட்டறையை வாங்கும் காலம் வந்துவிட்டதல்லவா? சுதேசி வெற்றி! ஆனால் மார்பை விரித்தபடியே எத்தனை நேரம் இருக்க முடியும்? மூச்சு விட்டுத்தானே ஆகவேண்டும்? மூச்சு விட்ட பிறகு யோசித்துப் பார்த்தோம்.

அந்த வண்டியின் உருவம் இத்தாலியில் பிறந்தது. மின்கலமும் மோட்டார்களும் குரோவேஷியா தேசத்து ரிமாக் என்ற கம்பெனியின் சரக்கு. காம்பியானோ என்ற இத்தாலியக் கிராமத்தில் கைத்தொழிலாளிகள் கூடி, பாத்திஸ்தா ஒன்றுக்கு 1,250 மணி நேரத்துக்கும் மேல் உழைத்துச் சேர்த்தார்கள். நம்முடையது என்ன? பணம். பங்குப் பத்திரத்தில் பெயர். இதுவும் சாமான்யமல்ல, ஆனால் இது மட்டும் போதுமா என்பதே கேள்வி.

* * *

பெரியவரின் கேள்விக்கு நாம் பதில் சொல்லத் திணறிக்கொண்டிருந்தபோது அவரே பதிலைக் கண்டுபிடித்துவிட்டார். கைபேசியைச் சற்றுத் தூர வைத்து, விரலால் அந்த வண்டியின் மூக்கிலிருந்து வால் வரைக்கும் காற்றிலே ஒரு கோடு இழுத்தார்.

"வில்வண்டிக்குக் கூண்டு வளைக்கறப்ப எங்கப்பா சொல்லுவாரு: 'பார்க்கிற கண்ணு எங்கயும் தடுக்கக் கூடாதுடா'ன்னு. இதுல தடுக்கல. பழைய கை தெரிஞ்சவன் எவனோ கூட இருந்திருக்கான்" என்றார்.

டூரின் நகரத்துக் கலைஞர்கள் வருஷக்கணக்கில் யோசித்துச் செய்ததை, உத்திரமேரூர் வேப்பமரத்தடியில் ஒரு தச்சர் அரை நிமிஷத்தில் படித்துவிட்டார்.

பேச்சு அவருடைய தொழிலின் மேல் திரும்பியது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் பன்னிரண்டு ஆரக்கால். நடுவிலே குடம். வெளியே வட்டை. அதற்கு மேல் இரும்புப் பட்டா. இதில் எல்லாவற்றையும்விட நுட்பமானது பட்டா கட்டுவது. சக்கரத்தின் சுற்றளவைவிடப் பட்டா ஒரு துளி சிறிதாக இருக்கவேண்டும். அதை வரட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சினால் விரிந்து கொடுக்கும். அப்போது சக்கரத்தின்மேல் இறக்கி, அடித்து உட்கார வைத்து, மளமளவென்று தண்ணீரை ஊற்றவேண்டும். இரும்பு சுருங்கி, பன்னிரண்டு ஆரக்காலையும் குடத்தோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆணி வேண்டாம்; பசை வேண்டாம். சிறிது என்றால் எவ்வளவு சிறிது? அதிகமாகச் சிறுத்தால் ஆரக்கால் பிளந்துவிடும். போதாவிட்டால் முதல் கோடையிலேயே பட்டா கழன்று உருண்டு போகும். மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் அந்த அளவு வேறு.

"அது எப்படிப் பெரியவரே தெரியும்?" என்று கேட்டோம்.

"கைக்குத் தெரியும் சாமி. எனக்குத் தெரியாது" என்றார்.

அந்தக் கைக்கு வேலை நின்று இருபது வருஷத்துக்கு மேலாகிறது. டிராக்டர் வந்தது, டயர் வண்டி வந்தது. பட்டறையில் இப்போது இரண்டு சக்கரங்கள் சுவரில் சாய்ந்திருக்கின்றன. பட்டணத்து ஹோட்டல்காரர் ஒருவர் வாசலில் அலங்காரமாக வைப்பதற்கு விலை கேட்டாராம். கொடுக்கவில்லை.

* * *

பேரனைப் பார்த்து, "நீ என்ன செய்கிறாய், தம்பி?" என்று விசாரித்தோம்.

தொழிற்பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் படித்திருக்கிறான். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தான். எந்தத் தொழிற்சாலை என்பது இங்கே அவசியமில்லை. விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் வரும். உள்ளே வண்டிகள் வரிசையாக நகர்ந்து வரும். இவன் முன்னால் ஒவ்வொன்றும் நிமிஷக் கணக்கில்தான் நிற்கும். அதற்குள் ஒரு சாமானை மாட்டி மூன்று திருகு முடுக்கவேண்டும். அடுத்த வண்டி வந்துவிடும். அதற்கும் அதே சாமான். அதே மூன்று திருகு. ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு ஒப்பந்தத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறான்.

"நீ மாட்டிய சாமான் வண்டியிலே என்ன வேலை செய்யும்?" என்றோம்.

வாலிபன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேரு தெரியும் சார். அதோட நம்பர் தெரியும். வேலை முழுசா தெரியாது. யாரும் சொல்லல. கேக்க நேரமும் இல்ல" என்றான்.

பெரியவர் கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்தார். நாமும் பேசவில்லை. பன்னிரண்டு ஆரக்காலும் தெரிந்த தாத்தாவுக்கு வேலை இல்லை. வேலை கிடைக்கும்போதெல்லாம் பேரனுக்கு மூன்று திருகுக்கு மேல் தெரியவில்லை. உத்திரமேரூர்ப் பெஞ்சியில் நாம் பார்த்த துக்கம் இதுதான். நாற்பது கோடி வண்டியை வாங்க முடியவில்லையே என்ற துக்கம் அங்கே ஒருவருக்கும் இல்லை.

* * *

நம் ஜனங்களுக்கு இந்த வித்தை வராது என்று யாராவது சொன்னால், அவர்களுக்குச் சரித்திரம் தெரியாது என்போம்.

மின்சார வண்டி என்பது இன்று நேற்று வந்ததல்ல. 1899 ஏப்ரலில், பிரான்ஸ் தேசத்தில், பெல்ஜியக்காரரான ஜெனாட்ஸி என்பவர் மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி உலகத்தை அசர அடித்த வண்டி மின்சார வண்டிதான். அதற்கும் நாலு வருஷம் முன்னால், 1895-இல், சென்னைப் பட்டணத்துத் தெருக்களில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்துவிட்டது. 1953 வரையில் ஓடிற்று. 1903-இல் சென்னை ஸிம்ப்ஸன் கம்பெனியில் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றைக் கட்டினார்கள். வண்டலூரில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1960-களில் 'ஹெரால்ட்' வண்டிகளைச் செய்து தேசமெங்கும் அனுப்பிற்று. 1993-இல் கோயமுத்தூரிலும் சாலக்குடியிலும் தொழில் நடத்திய ஒரு கம்பெனி 'லவ்பேர்ட்' என்று இருவர் அமரும் மின்சாரக் கார் ஒன்றை டில்லியில் காட்டிற்று. 2001-இல் பெங்களூரிலிருந்து 'ரேவா' வந்தது. பொம்மை போன்ற அந்தச் சிறு வண்டி லண்டன் தெருக்களிலும் ஓடிற்று. 2010-இல் அந்தக் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கியதும் மஹீந்திராதான். ஆக, பினின்ஃபரீனாவை வாங்குவதற்கு முன்னரே மின்சார வண்டியின் அரிச்சுவடி நம் வீட்டில் இருந்தது.

இன்னொரு கதையும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ராயல் என்ஃபீல்ட் என்ற இங்கிலீஷ் மோட்டார் சைக்கிளை 1955 முதல் சென்னையில் சேர்த்துச் செய்து வந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துத் தாய்க் கம்பெனி மூடிப் போயிற்று. திருவொற்றியூரில் பட்டறை நிற்கவில்லை. 'புல்லட்' வண்டியின் பெட்ரோல் டாங்கியில் மெல்லிய பொன்னிறக் கோட்டைத் தூரிகையால், கையாலேயே இழுக்கும் வழக்கமும் நிற்கவில்லை. இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் அவர்களுக்குத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. 2024 நவம்பரில் அந்தக் கம்பெனி 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்ற மின்சார மோட்டார் சைக்கிளை மிலான் நகரத்தில் காட்டியது. இரண்டாம் உலக யுத்தத்தில் பாராசூட் பட்டாளத்துக்காகச் செய்த சிறு வண்டியின் பெயரும் சாயலும் அதற்கு. பழைய உடம்பு, புதிய உயிர் என்ற அதே யுக்திதான்.

இத்தாலியப் பட்டறையின் பெருமை நமக்குப் பத்திரத்தின் வழியாக வந்தது. புல்லட் வண்டியின் பெருமையோ கையின் வழியாக வந்தது. இங்கிலாந்தில் அந்தத் தொழில் அணைந்தபோது இங்கே தீ அணையாமல் இருந்ததற்குக் காரணம், மூத்த தொழிலாளி இளையவன் கையைப் பிடித்துத் தூரிகையைச் சொல்லிக் கொடுத்ததுதான். பத்திரம் இன்றைக்கு ஒருவர் கையில் இருக்கும். நாளைக்கு இன்னொருவர் கைக்குப் போகும். கையில் ஏறின வித்தை அப்படிப் போய்விடாது.

* * *

இவ்வளவு சொன்னதால், நாம் பெரிய தொழில்களுக்கு விரோதி என்றோ, நாற்பது கோடி வண்டியைச் செய்வதே பாவம் என்றோ நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. கோயில் தேரும் ஒரு காலத்தில் ஆடம்பரந்தான். ஆண்டுக்கு ஒரு முறை ஓடுவதற்கு அத்தனை மரமும் அத்தனை சிற்பமுமா என்று கணக்குப் பார்த்தால் தேர் நிற்காது. ஆனால் தேர் செய்த ஊரில் தச்சர் பரம்பரை வளர்ந்தது. வடம் பிடித்தவர்கள் எல்லாரும் அதைத் தங்கள் தேர் என்று சொன்னார்கள். பி95 என்ற தேர் காம்பியானோ கிராமத்தில் தச்சரை வளர்க்கிறது. நமக்கு வடமும் இல்லை, தச்சும் இல்லை, கைபேசியில் படம் மட்டும் இருக்கிறது.

இப்படியே இருக்கவேண்டும் என்று விதி ஒன்றுமில்லை. உத்திரமேரூரிலிருந்து செங்கற்பட்டு சுமார் 30 கிலோமீட்டர். அதை அடுத்த மஹீந்திரா உலக நகரில் 2012 முதல் அந்தக் குழுமத்தின் பெரிய ஆராய்ச்சிசாலை இருக்கிறது. அண்டை மாவட்டத்துச் செய்யாற்றின் பக்கம் 454 ஏக்கரில் வண்டிகளை ஓட்டிச் சோதிக்கும் பாதை 2021-இல் திறக்கப்பட்டது. 2024 நவம்பரில் சென்னையில் வெளியிட்ட அவர்களுடைய மின்சார வண்டி ஒன்று 18 லட்சத்து 90 ஆயிரம் ரூபாயில் ஆரம்பமாயிற்று. ஒரு பி95 விலைக்கு அதில் இருநூறுக்கு மேல் வாங்கலாம். வித்தை நம் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. வாசற்படியைத் தாண்டி வேப்பமரத்தடி பெஞ்சிக்கு அது வருமா என்பதே நாம் கேட்பது. இந்த ஒரு கம்பெனியை மட்டுமல்ல. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து செய்யாறு வரையில் நம் மண்ணில் தொழில் நடத்தும் எல்லாரையும் கேட்கிறோம்.

அவர்களிடம் நாம் யாசிக்கவில்லை. நிலம் நம்முடையது; தண்ணீர் நம்முடையது; சலுகைக்குக் கொடுத்த வரிப்பணமும் நம்முடையது. ஆகையால் கணக்குக் கேட்கிறோம். இத்தனை வண்டி செய்தோம், இத்தனை கோடிக்கு ஏற்றுமதி செய்தோம் என்ற கணக்கு வருஷந்தோறும் பத்திரிகையில் வருகிறது. சந்தோஷம். இன்னொரு கணக்கும் வேண்டும். இந்த வருஷம் எத்தனை பையன்களுக்கும் பெண்களுக்கும் முழு வண்டியையும் பிரித்துக் காட்டிச் சேர்த்துப் பழக்கினீர்கள்? மூன்று திருகோடு வந்தவர்களில் எத்தனை பேர் முப்பது திருகுக்குப் போனார்கள்? ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பியவன் கையில் சம்பளத்தைத் தவிர வேறு என்ன இருந்தது? ஸர்க்காரும் நிலத்தைக் கொடுக்கிறபோது இந்தக் கேள்விகளைப் பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஊர்ச் சபைகளும் கேட்கலாம். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை என்று கல்லிலே வெட்டி வைத்த ஊர் இது.

நம் பங்குக்கும் ஒரு கணக்கு உண்டு. நம்முடைய பழைய வண்டிகளின் உருவங்களை நாம் என்ன செய்தோம்? வில்வண்டியின் கூண்டு வளைவையும், ரேக்ளாவின் இலேசையும், பட்டா கட்டும் அளவையும் யார் வரைந்து வைத்திருக்கிறார்கள்? டூரின்காரர்கள் 1950-களைத் திரும்பிப் பார்க்க முடிந்தது, பார்ப்பதற்கு அவர்களிடம் வைத்திருந்ததனால்தான். நாளைக்கு நம் பெண் ஒருத்தி, பையன் ஒருவன், பழைய உடம்பில் புதிய உயிரை ஏற்ற நினைத்தால், திரும்பிப் பார்ப்பதற்கு ஹோட்டல் வாசலில் ஒரு சக்கரமாவது மிஞ்சுமா?

பஸ் வந்துவிட்டது. எழுந்தோம். விடைபெறும்போது பெரியவர் பேரனைக் காட்டி, "சக்கரம் ரெண்டும் இவனுக்குத்தான் வெச்சிருக்கேன். விக்கிறதுக்கு இல்ல. பிரிச்சுப் பார்க்கறதுக்கு. இவன்தான் வரமாட்டேங்கிறான்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை வரேன் தாத்தா" என்றான் வாலிபன்.

அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை போனானா என்று நமக்குத் தெரியாது. போயிருக்கவேண்டுமென்று மிகவும் ஆசைப்படுகிறோம்.